ஆங்கிலத்தில் எழுதும்போது ஜெர்மன் சொற்களுக்குப் பெரிய எழுத்து வேண்டுமா? ஒரு முழுமையான வழிகாட்டி

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தமிழ்நாட்டில் நாம் தினமும் சொல்கிறோமே, அதில் இருக்கும் ‘கே.ஜி.’ ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1840இல் தன் குழந்தைப் பள்ளிக்கு வைத்த பெயர் கிண்டர்கார்டன். ஜெர்மனியில் இன்றும் அதைப் பெரிய ‘கே’ போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆங்கில வாக்கியத்தின் நடுவில் அப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஆனால் ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டெஸ்டாக்கை அதே ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய ‘பி’ கட்டாயம். உலகப் பார்வையைக் குறிக்கும் வெல்டன்ஷாவுங் என்ற சொல்லை எடுத்தால், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பெரிய ‘டபிள்யூ’வில் தருகிறது, மெரியம்-வெப்ஸ்டர் சிறிய ‘டபிள்யூ’வில் தருகிறது.

ஜெர்மனிக்குப் போய் ஆங்கில வழியில் முதுகலை படிக்கும் தமிழ் மாணவர்கள், தத்துவமும் வரலாறும் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பிழை திருத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதனால் இந்த விஷயத்தில் நமக்குக் காது உதவாது. விதியின் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் கை தானாக எழுதும்.

ஒரே எழுத்து, இரண்டு வேலை

ஜெர்மனில் மேஜை, மழை, பயம், நாய் என்று எந்தப் பெயர்ச்சொல்லானாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். 16, 17ஆம் நூற்றாண்டு அச்சகங்களில் பரவிய பழக்கம் பின்னர் இலக்கணமாக இறுகியது. ஜெர்மானியர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் ஒருவரான மொழியியலாளர் யாக்கோப் கிரிம் இதைக் கடுமையாக எதிர்த்தார். கிரிம் சகோதரர்கள் தொகுக்கத் தொடங்கிய பெரிய அகராதியின் முதல் தொகுதி 1854இல் வந்தபோது, அதன் விளக்கங்களில் பெயர்ச்சொற்கள் சிறிய எழுத்தில்தான் இருந்தன. 1925இல் பௌஹவுஸ் கலைப்பள்ளி பெரிய எழுத்தையே கைவிட்டுப் பார்த்தது. பக்கத்து நாடான டென்மார்க் தன் மொழியில் இருந்த இதே வழக்கத்தை 1948இல் நீக்கியது. ஜெர்மன் மட்டும் 1996 எழுத்துச் சீர்திருத்தத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்தப் பழக்கம் இருந்தது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையைப் பாருங்கள். பீப்பிள், ஆர்டர், யூனியன், ஜஸ்டிஸ் எல்லாமே பெரிய எழுத்தில் இருக்கும். பிறகு அது வழக்கொழிந்துவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவே வரும் பெரிய எழுத்து ‘இது ஒரு தனிப்பெயர்’ என்று சொல்கிறது. ஜெர்மனில் அதே எழுத்து ‘இது பெயர்ச்சொல்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

குழப்பத்தின் வேர் இதுதான். ஜெர்மன் சொல்லை அதன் பெரிய எழுத்தோடு ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தால், மூலத்தில் இல்லாத ஓர் அழுத்தம் அதன்மேல் ஏறிவிடுகிறது. எனவே முதலில் கேட்க வேண்டியது, இந்த வாக்கியத்தில் அது ஆங்கிலச் சொல்லாக நிற்கிறதா, ஜெர்மன் சொல்லாக நிற்கிறதா என்பதைத்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை காணும் வழிகள்.

ஆங்கிலச் சொல்லாகிவிட்டதைச் சிறிய எழுத்தில் எழுதுவது ஜெர்மனுக்கு அவமரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். ஜெர்மானியர்களே ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டையும் தங்கள் விதிப்படி பெரிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை விட்டு வரவேண்டும் என்று தொல்காப்பியமும் சொல்லியிருக்கிறது. குடியேறிய சொல் புதிய ஊரின் எழுத்துமுறையை ஏற்பது எங்கும் உள்ள வழக்கம்.

முதல் படி: அது பெயர்ச்சொல்தானா என்று பாருங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. ஜெர்மன் என்றாலே பெரிய எழுத்து என்று மனதில் பதிந்துவிட்டதால், பெயரடைக்கும் வினைக்கும்கூட அதைப் போட்டுவிடுகிறார்கள். ‘தடைசெய்யப்பட்டது’ என்ற பொருள் தரும் ஃபெர்போட்டன் பெயர்ச்சொல் அல்ல. அது ஜெர்மனிலேயே சிறிய எழுத்துதான். ‘பழுதாகிவிட்டது’ என்று சொல்லப் பயன்படும் கபுட்டும் அப்படியே. மேலே என்று பொருள்படும் ஊபர் ஒரு முன்னிடைச்சொல். இவற்றுக்குப் பெரிய எழுத்து போட்டால் ஆங்கில விதிப்படியும் தவறு, ஜெர்மன் விதிப்படியும் தவறு.

கெம்யூட்லிஷ், கெம்யூட்லிஷ்கைட் என்ற இணையைப் பாருங்கள். இதமான, வீட்டுச் சூழல் போன்ற என்று பொருள்படும் முதல் சொல் பெயரடை. ஜெர்மனில் சிறிய ‘ஜி’. அந்த இதத்தையே குறிக்கும் இரண்டாவது சொல் பெயர்ச்சொல். ஜெர்மனில் பெரிய ‘ஜி’. கடைசியில் ‘கைட்’, ‘உங்’, ‘ஹைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடிந்தால் அநேகமாக அது பெயர்ச்சொல்தான்.

எர்சாட்ஸ் இதற்கு நேர்மாறான கதை. ஜெர்மனில் ‘மாற்றுப்பொருள்’ என்ற பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் ‘போலியான, மட்டமான பதிலி’ என்று பெயரடையாகவே பெரும்பாலும் புழங்குகிறது. இலக்கண வகையே மாறிவிட்ட சொல்லுக்கு மூலத்தின் பெரிய எழுத்தைக் கேட்பதில் பொருள் இல்லை.

ஜெர்மனியில் சில காலம் வாழ்ந்தவர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு தவறு வரும். ஜெர்மனில் ‘ஜெர்மானிய’, ‘இந்திய’, ‘ஆங்கில’ போன்ற பெயரடைகள் சிறிய எழுத்தில்தான் வரும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஜெர்மன் என்ற சொல்லைச் சிறிய ‘ஜி’யில் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் நாடு, மொழி, இனம் சார்ந்த பெயரடைகளுக்குப் பெரிய எழுத்து கட்டாயம். காண்ட், ஃப்ராய்டு, காஃப்கா பெயர்களிலிருந்து பிறந்த ஆங்கிலப் பெயரடைகளுக்கும் அதே விதிதான்.

இரண்டாம் படி: தனிப்பெயர் என்றால் கதை முடிந்தது

நிறுவனம், கட்சி, படை, நிகழ்ச்சி, இடம், இயக்கம் ஆகியவற்றின் பெயர் என்றால் பெரிய எழுத்து. புண்டெஸ்டாக், ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபெ, பௌஹவுஸ், 1938 நவம்பரில் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் தாக்கப்பட்ட கிறிஸ்டால்நாக்ட், அதே ஆண்டில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட ஆன்ஷ்லுஸ் எல்லாம் இந்த வகை. இங்கே பெரிய எழுத்து வருவது ஆங்கில விதியால்தான். எனவே அயல்மொழிச் சொல்லுக்குப் போடும் சாய்வெழுத்தும் வேண்டாம்.

பெயருக்கும் பொதுச்சொல்லுக்கும் நடுவில் நிற்பவைதான் யோசிக்க வைக்கும். 1853இல் ரோக்காவ் என்ற எழுத்தாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ரியல்பாலிட்டிக் (நடைமுறைவாத அரசியல்), இன்று எந்த நாட்டின் எந்த அரசியலையும் குறிக்கும் பொதுச்சொல். ஆங்கிலத்தில் சிறிய ‘ஆர்’ போதும். மேற்கு ஜெர்மன் தலைவர் வில்லி பிராண்ட் கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு உறவைச் சீராக்க வகுத்த ஆஸ்ட்பாலிட்டிக் ஒரு குறிப்பிட்ட கொள்கையின் பெயர். அதற்குப் பெரிய ‘ஓ’. பின்பாதி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே மாதிரி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்.

கைசர் என்ற பட்டம் ஆங்கிலத்தின் கிங் போலவே நடக்கும். இரண்டாம் வில்ஹெல்மின் பெயருக்கு முன்னால் வந்தால் பெரிய ‘கே’. பொதுவாகப் பேரரசர் என்ற பொருளில் வந்தால் அமெரிக்க நடையில் சிறிய ‘கே’.

பெயராக இருந்து பொதுச்சொல்லாக இறங்கியவை தனிக் கூட்டம். ருடால்ஃப் டீசலின் பெயர் இன்று பெட்ரோல் பங்கில் சிறிய ‘டி’யில் நிற்கிறது. ஹாம்பர்கரும் ஃப்ராங்க்ஃபர்ட்டரும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தவை. இப்போது சிறிய எழுத்து. சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவான நிலத்தைப் புவியியலில் கார்ஸ்ட் என்று சிறிய ‘கே’யில் எழுதுவோம், அந்தச் சொல்லுக்குப் பிறப்பிடமான, இன்று பெரும்பாலும் ஸ்லோவேனியாவில் உள்ள பீடபூமியைக் குறித்தால் பெரிய ‘கே’. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் பெயரால் அமைந்த அலகை முழுச்சொல்லாக எழுதினால் சிறிய ‘எச்’, குறியீடாக எழுதினால் பெரிய ‘எச்’. ஃபாரன்ஹைட்டும் செல்சியஸும் மட்டும் விதிவிலக்கு. டிகிரிக்குப் பின் வரும் அவற்றுக்கு எப்போதும் பெரிய எழுத்துதான்.

மூன்றாம் படி: ஓர் அகராதியைத் திறங்கள், ஒன்றை மட்டும்

பெயர்ச்சொல்தான், தனிப்பெயர் அல்ல என்று உறுதியானால் அகராதிக்குப் போங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம், அமெரிக்கப் பதிப்பகம் என்றால் மெரியம்-வெப்ஸ்டர். பிரிட்டன் நடையில் எழுதினால் ஆக்ஸ்ஃபோர்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் ஒரே பக்கத்தில் இரண்டு விதமான எழுத்து வந்து நிற்கும்.

அமெரிக்க நூல் பதிப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் சிகாகோ நடைக் கையேட்டின் வழி எளிது. மெரியம்-வெப்ஸ்டரில் இடம்பெற்ற ஜெர்மன் பெயர்ச்சொல் சிறிய எழுத்தில், சாய்வில்லாத நேர் எழுத்தில் வரும். ஆங்ஸ்ட், கிட்ச், வாண்டர்லஸ்ட், போல்டர்கைஸ்ட், ரக்சாக், ஹின்டர்லேண்ட், டாக்ஸ்ஹுண்ட் போன்றவற்றைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. குவார்ட்ஸ், நிக்கல், கோபால்ட், ஜிங்க் ஆகியவையும் ஜெர்மன் பேசும் சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து வந்தவைதான்; அவற்றைப் பெரிய எழுத்தில் எழுத யாருக்குத் தோன்றுகிறது?

சில சொற்களுக்கு அகராதியில் ‘பெரும்பாலும் பெரிய எழுத்தில்’ என்ற குறிப்பு இருக்கும். இரண்டும் சரி என்றுதான் அதற்குப் பொருள். அப்போது நான் சிறிய எழுத்தையே எடுப்பேன். வாசகர் கண் தடுக்காமல் நகர வேண்டும் என்பதுதான் காரணம். உங்கள் பேராசிரியரோ இதழோ பெரிய எழுத்தைக் கேட்டால் அப்படியே எழுதுங்கள், ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை.

நான்காம் படி: அகராதியில் இல்லையென்றால் முழு ஜெர்மனாக எழுதுங்கள்

ஜெர்மன் அரசு கடன் வாங்குவதற்கு அரசியல் சட்டத்திலேயே வரம்பு வைக்கும் ஷுல்டன்ப்ரெம்ஸெ பற்றி எழுதுகிறீர்கள். சாதாரண ஆங்கில வாசகருக்கு அது தெரியாத சொல். இங்கே ஜெர்மன் விதி முழுமையாக வர வேண்டும்: பெரிய எழுத்து, சாய்வெழுத்து, சரியான உயிரெழுத்துக் குறிகள், ஜெர்மன் பன்மை. இந்த நான்கும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். சாய்வெழுத்தில் போட்டுவிட்டு முதலெழுத்தைச் சிறியதாக விடுவதுதான் கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ‘இது ஜெர்மன்’ என்று சாய்வெழுத்து சொல்ல, ‘இல்லை’ என்று முதலெழுத்து மறுக்கிறது.

உம்லவுட் எனப்படும் இரட்டைப் புள்ளியை விசைப்பலகையில் காணோம் என்று வெறுமனே விட்டுவிடாதீர்கள். புள்ளி வைக்க முடியாத இடத்தில், அந்த உயிரெழுத்துக்குப் பின் ஓர் ‘இ’ சேர்ப்பது ஜெர்மானியர்களே ஒப்புக்கொண்ட வழி. ஆங்கிலமாகிவிட்ட சொற்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. டாப்பல்கேங்கரை ஆங்கிலத்தில் புள்ளியோடும் எழுதுகிறார்கள், புள்ளி இல்லாமலும் எழுதுகிறார்கள். இன்னொன்று, ஆன்ஷ்லுஸ் என்ற சொல்லின் கடைசியில் பழைய நூல்களில் ‘பி’ போலத் தெரியும் எழுத்து ஒன்று இருக்கும். அது இரட்டை ‘எஸ்’. 1996 சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு இரண்டு ‘எஸ்’தான் சரி.

பன்மையும் இப்படித்தான். கிண்டர்கார்டன் ஆங்கிலச் சொல். பன்மைக்கு ‘எஸ்’ போதும். பெரிய மக்கள் கட்சிகளைக் குறிக்கும் ஃபோல்க்ஸ்பார்ட்டை ஜெர்மன் சொல்லாக நிற்கும்போது பன்மை ஃபோல்க்ஸ்பார்ட்டையன். அதன் முதுகில் ஆங்கில ‘எஸ்’ஸை ஏற்றாதீர்கள். வேற்றுமை உருபுகளையும் இழுத்து வராதீர்கள். அகராதியில் உள்ள எழுவாய் வடிவமே போதும். டெர், டீ, டாஸ் என்ற முன்னொட்டுச் சொற்களை விட்டுவிட்டு ஆங்கில ‘தி’யைப் போடுங்கள். டெர் ஷ்பீகல், டீ சைட் போன்ற பத்திரிகைப் பெயர்களில் மட்டும் அவை பெயரின் பகுதி என்பதால் பெரிய ‘டி’யோடு நிற்கும்.

சாய்வெழுத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஒரே கட்டுரையில் அந்தச் சொல் பலமுறை வந்தால், முதல் முறை சாய்வெழுத்தில் தந்து பொருள் சொல்லிவிட்டு, பிறகு நேர் எழுத்தில் தொடரலாம். பெரிய எழுத்தை மட்டும் நடுவழியில் கைவிடக் கூடாது.

ஐந்தாம் படி: உங்கள் துறை என்ன செய்கிறது?

பொது அகராதியைவிடத் துறையின் வழக்கு வலுவானது. கணிதத்தில் ஐகன்வேல்யூ சிறிய எழுத்து. ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை மொழிபெயர்த்த கலப்புச் சொல் அது. அதே ஹில்பர்ட்டின் நுல்ஷ்டெல்லன்ஸாட்ஸ் ஒரு குறிப்பிட்ட தேற்றத்தின் பெயராக நிற்பதால் பெரிய ‘என்’. கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1936 கட்டுரையில் எண்ட்ஷைடுங்ஸ்ப்ராப்ளம் (தீர்மானிக்கும் சிக்கல்) என்ற சொல்லைத் தலைப்பில் மட்டுமல்லாமல் உள்ளேயும் பெரிய ‘இ’யில் எழுதினார், கணினியியலில் இன்றும் அப்படியே. இயற்பியலில் ப்ரெம்ஸ்ஷ்ட்ராலுங், ஆன்ஸாட்ஸ் இரண்டும் சிறிய எழுத்தில் புழங்குகின்றன. உளவியலில் வெர்ட்ஹைமர், கோலர், கோஃப்கா ஆகியோர் வளர்த்த கெஷ்டால்ட் பள்ளியின் பெயருக்குப் பெரிய ‘ஜி’ போடுகிறவர்கள் அதிகம்; வெறும் ‘முழுவடிவம்’ என்ற பொருளில் வந்தால் சிறிய ‘ஜி’ போதும்.

தத்துவம் எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தத்துவவாதி ஹைடெக்கர் மனித இருப்பைக் குறிக்கப் பயன்படுத்திய டாசைன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்படாமல் பெரிய ‘டி’யோடு நிலைத்துவிட்டது, அதில் சிக்கல் இல்லை. சிக்கல் மொழிபெயர்த்த சொற்களில். ‘இருத்தல்’ என்று பொருள்படும் ஹைடெக்கரின் ஸைன் என்ற சொல்லைச் சில மொழிபெயர்ப்பாளர்கள் பெரிய ‘பி’ போட்ட பீயிங் என்று தருகிறார்கள். ஆவி, மனம் என்று பொருள்படும் ஹெகலின் கைஸ்ட் பெரிய ‘எஸ்’ போட்ட ஸ்பிரிட்டாக வருவதுண்டு. ஜெர்மன் மூலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த பெரிய எழுத்தும், அதே வரியில் வந்த நாற்காலிக்கோ ரொட்டிக்கோ இருக்கும் பெரிய எழுத்தும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது ஒரு சொல்லுக்கு மட்டும் போடப்படும்போது, தெய்வத்தின் பெயர்போல ஒரு கனம் ஏறிவிடுகிறது. வாசகர் அந்தக் கனத்தை ஹெகல் வைத்ததாக எடுத்துக்கொள்வார். சாதாரண ‘இருத்தல்’ என்ற பொருளிலிருந்து பிரித்துக் காட்டப் பெரிய எழுத்து தேவை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அது மொழிபெயர்ப்பாளரின் முடிவு என்று முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். மூலத்தில் பெரிய எழுத்து இருக்கிறது என்பதை மட்டும் காரணமாகக் காட்டினால், ஜெர்மன் தெரிந்தவர் அதை ஏற்கமாட்டார்.

ஆறாம் படி: தொடர்களில் ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பாருங்கள்

ஷ்டுர்ம் உண்ட் டிராங் என்ற இலக்கிய இயக்கத்தின் பெயரில் முதலும் கடைசியும் பெயர்ச்சொல், நடுவில் இருப்பது ‘மற்றும்’. எனவே பெரியது, சிறியது, பெரியது. ‘தன்னளவில் உள்ள பொருள்’ என்று அர்த்தம் தரும் காண்டின் டிங் ஆன் ஸிஷ் தொடரில் டிங் மட்டும் பெயர்ச்சொல்; மற்ற இரண்டும் சிறியவை. அதன் பன்மையில் மாறுவதும் முதல் சொல்தான்: டிங்கெ ஆன் ஸிஷ்.

ஏழாம் படி: நூற்பட்டியலில் மென்பொருளை நம்பாதீர்கள்

ஜெர்மன் நூல் தலைப்பை ஆங்கிலக் கட்டுரையில் தரும்போது, ஆங்கிலத் தலைப்புகளுக்குச் செய்வதுபோல எல்லா முக்கியச் சொல்லையும் பெரியதாக்கக் கூடாது. ஜெர்மன் எழுத்துமுறை அப்படியே இருக்க வேண்டும். காண்ட் 1781இல் வெளியிட்ட கிரிட்டிக் டெர் ரைனன் ஃபெர்னுன்ஃப்ட் என்ற தலைப்பில் ‘கே’யும் ‘வி’யும் மட்டும் பெரியவை. நடுவில் உள்ள ரைனன் பெயரடை. அதைப் பெரியதாக்குவது பிழை.

லாடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி உண்டு. அதன் நூற்பட்டியல் கருவியான பிப்டெக்கின் வழக்கமான நடைகள் பல, கட்டுரைத் தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சிறியதாக்கிவிடும். டூரிங்கின் தலைப்பில் உள்ள எண்ட்ஷைடுங்ஸ்ப்ராப்ளம் அப்படித்தான் பல பட்டியல்களில் சிறிய ‘இ’யோடு கிடக்கிறது. அந்தச் சொல்லை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால் தொடாது. முழுத் தலைப்பும் ஜெர்மன் என்றால் தலைப்பு முழுவதையும் அப்படி வைத்துவிடுங்கள். நூற்பட்டியல் மென்பொருளான ஸோடெரோவில் ஒவ்வொரு பதிவுக்கும் மொழி என்ற கட்டம் இருக்கிறது. ஜெர்மன் நூலுக்கு அதில் ஜெர்மன் என்று குறித்தால், ஆங்கிலத் தலைப்புக்கான எழுத்து மாற்றம் அதன்மேல் பாயாது.

மேற்கோள்களில் கை வைக்க வேண்டாம். ஒரு நூலாசிரியர், காலத்தின் மனப்போக்கைக் குறிக்கும் சைட்கைஸ்ட்டைப் பெரிய ‘இசட்’டில் எழுதியிருந்தால், உங்கள் நடை சிறியதாக இருந்தாலும் மேற்கோளுக்குள் பெரியதாகவே விடுங்கள்.

எட்டாம் படி: சொற்பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

எழுதத் தொடங்கும்போதே தனித் தாளில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு ஜெர்மன் சொல்லுக்கும் எதிரே முதலெழுத்து, சாய்வு, பன்மை மூன்றையும் குறித்துவிடுங்கள். முடித்த பிறகு, தேடும் கட்டத்தில் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துத் தேடும் வசதியைப் போட்டு, ஒவ்வொரு சொல்லையும் மாற்று வடிவத்தில் தேடிப் பாருங்கள். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தவையும் மேற்கோளுக்குள் இருப்பவையும் சேர்ந்து மாறிவிடும்.

பட்டியலை இதழுக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பும்போது கட்டுரையோடு இணைத்து அனுப்புங்கள். அவர்கள் நடை உங்களுடையதிலிருந்து வேறுபட்டால், பொதுச்சொற்களில் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம். தனிப்பெயர்களிலும் மேற்கோள்களிலும் ஜெர்மன் தலைப்புகளிலும் திருத்தம் வந்தால், காரணத்தை எழுதி அவற்றைப் பழையபடி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.